மருத்துவமனைக்கு நூலகர் எதற்கு? திங்கட்கிழமை மீட்டிங்கில் என்ன சொல்வது?

அலமாரி · வியாழன், இரவு 9:12

வணக்கம். நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நூலகர். பெயர் வேண்டாம், காவிரிக்கரைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 படுக்கை. டி.என்.பி. என்ற மருத்துவ மேற்படிப்பு நடப்பதால் நூலகம் என்று ஒரு அறை இருக்கிறது, அந்த அறையில் நானும் இருக்கிறேன். பதினான்கு வருடமாக.

நேற்று நிர்வாக அதிகாரி கூப்பிட்டார். அறையை இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குக் கொடுக்கப் போகிறார்களாம். புத்தகங்களை இரண்டு பீரோவில் பூட்டி செமினார் ஹாலில் வைத்துவிட்டு, இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் திறந்து காட்டிக்கொள்ளலாம். எனக்கு மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் ஒரு மேஜை. "எல்லாரும் போன்லயே பாத்துக்கிறாங்களேம்மா, உங்க ரூமுக்கு யார் வர்றா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். தன்மையாகத்தான் கேட்டார். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம். நாளைக்கு ஆறு பேர், அதில் இரண்டு பேர் ஏ.சி.க்காக வருகிறவர்கள்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "நூலகம் அறிவுக் கோயில்" வகைப் பேச்சு எடுபடாது. டாக்டரோ, பார்மசியோ, அக்கவுண்ட்ஸோ, யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

எம்ஆர்டி பழனி · இரவு 9:40

எங்க டிபார்ட்மென்ட்டுக்கா? வாங்க மேடம், மேஜை இருக்கு, ஃபேன்தான் சுத்தாது.

ஆனா ஒன்னு. ரெக்கார்ட்ஸ் வேற, லைப்ரரி வேற. நாங்க வெச்சிருக்கறது இந்த ஆஸ்பத்திரில படுத்தவங்க கதை. கேஸ் ஷீட், எம்.எல்.சி. (போலீஸ் கேஸ்) ஃபைல், கோர்ட் சம்மன் வந்தா எடுத்துக் குடுக்கறது. நீங்க வெச்சிருக்கறது மத்த ஊர்ல, மத்த காலத்துல இதே வியாதி வந்தவனுக்கு என்ன ஆச்சுங்கறது. ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று குடுக்கற என்.ஏ.பி.எச். புத்தகத்துல "தகவல் மேலாண்மை"ன்னு ஒரு அத்தியாயம் இருக்கு பாருங்க, அதப் படிச்சிட்டு ரெண்டும் ஒன்னுன்னு நெனச்சுட்டாங்க போல.

கணக்குப்பிள்ளை · இரவு 10:05

நான் எதிர்த்தரப்பு. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் நிதிப் பிரிவில் இருக்கிறேன். நல்ல எண்ணத்தோடுதான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அதிகாரி கேட்டதைத்தான் நானும் கேட்பேன். அப்டுடேட் மாதிரி ஒரு மருத்துவத் தகவல் ஆப்புக்குச் சந்தா கட்டினால் ஒவ்வொரு டாக்டர் கையிலும் போனிலேயே எல்லாம் வந்துவிடுகிறது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் 1997-லிருந்து இலவசம். சிகிச்சை ஆய்வுகளை அலசித் தொகுத்துத் தரும் காக்ரேன் நூலகத்தை இந்தியாவில் இருக்கும் எல்லாரும் படிப்பதற்கு மத்திய அரசின் ஐ.சி.எம்.ஆர். 2007-லேயே பணம் கட்டியது. இப்போது ஆய்விதழ்களுக்கான "ஒரே நாடு ஒரே சந்தா"வும் வந்தாயிற்று, மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். இத்தனைக்குப் பிறகு 500 சதுர அடி அறையும் ஒரு சம்பளமும் எதற்கு?

உங்களிடம் பதில் இருக்கலாம். ஆனால் "வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது" என்று ஆரம்பித்தால் மீட்டிங் இரண்டாவது நிமிடத்தில் முடிந்துவிடும்.

அலமாரி · இரவு 10:21

கோபம் இல்லை சார். ஒரு திருத்தம் மட்டும். ஒரே நாடு ஒரே சந்தா அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான். அரசு மருத்துவக் கல்லூரிக்கு உண்டு. எங்களைப் போன்ற தனியாருக்கு இல்லை. தாலுகா ஆஸ்பத்திரியில் தனியாக உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கும் அதனால் பயன் இல்லை.

நாலாம் விதி · இரவு 10:58

அம்மா அலமாரி, நான் ஓய்வுபெற்ற அரசு மருத்துவக் கல்லூரி நூலகன். வயது 71. எங்கள் சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். நாலாவது விதி: வாசகரின் நேரத்தைக் காப்பாற்று. ஆகஸ்ட் 12, நூலகர் தினம் அன்று அவர் படத்துக்கு மாலை போடுவார்கள், 13-ம் தேதி மாலை காய்ந்துவிடும், விதியும் கூடவே. அது கிடக்கட்டும். நிர்வாகத்திடம் அந்த விதியைச் சொல்லுங்கள். "அறிவு" என்றால் அவர்களுக்குப் புரியாது, "டாக்டரின் நேரம்" என்றால் புரியும்.

இன்னொன்று, ராச்செஸ்டர் ஆய்வு. அமெரிக்காவில் அந்தப் பகுதியிலுள்ள 15 மருத்துவமனைகளில் நடந்தது, 1992-ல் வெளிவந்தது. டாக்டர்களிடம், "இப்போது கையில் இருக்கும் ஒரு கேஸ் குறித்து நூலகத்தில் கேளுங்கள், கிடைத்த தகவலால் என்ன மாறியது என்று சொல்லுங்கள்" என்றார்கள். 208 பேர் பதில் சொன்னார்கள். நூற்றுக்கு 80 பேர் சிகிச்சையில் ஏதோ ஒன்றை மாற்றிச் செய்திருப்பதாகச் சொன்னார்கள். 29 பேர் நோய் இன்னதென்ற முடிவையே மாற்றினார்கள், 45 பேர் மருந்தை, 51 பேர் பரிசோதனையை, 72 பேர் நோயாளியிடம் சொன்ன ஆலோசனையை. ஒரு மரணத்தைத் தவிர்க்க அந்தத் தகவல் உதவியது என்றவர்கள் நூற்றுக்கு 19 பேர்.

இந்தக் கடைசி எண்ணைத் தாளில் பெரிதாக எழுதிக்கொண்டு போங்கள்.

கணக்குப்பிள்ளை · இரவு 11:15

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், அதைப் பெரிதாக எழுதிக்கொண்டு போனால் நானே முதலில் கையைத் தூக்குவேன். நூலகத்துக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டு, போனவரிடமே "பயன்பட்டதா?" என்று கேட்டால் இல்லை என்றா சொல்வார்? பதில் சொல்லாதவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? மரணம் தவிர்க்கப்பட்டது என்பதும் டாக்டரின் நினைப்புதான், யாரும் அளக்கவில்லை. போதாததற்கு 1992. அன்றைக்கு இணையம் இந்த அளவுக்குப் பரவவே இல்லை.

நாலாம் விதி · இரவு 11:32

சரியான கேள்வி தம்பி. அந்த ஆய்வைச் செய்த பேராசிரியரே பெரிதாகத் திரும்பச் செய்தார், 2013-ல் வெளிவந்தது. 118 மருத்துவமனை, 16,122 பேர் பதில், நர்சுகளும் சேர்த்து. இணையம் வந்த பிறகும் நாலில் மூன்று பேர் ஏதோ மாறியது என்றே சொன்னார்கள். இதுவும் அவரவர் வாய்ச்சொல்தான், மறுக்கவில்லை.

வாய்ச்சொல் இல்லாத ஒன்று வேண்டுமா? 2001, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். எலன் ரோச் என்று 24 வயதுப் பெண், அங்கேயே வேலை பார்த்தவர், ஆஸ்துமா ஆராய்ச்சிக்குத் தன்னார்வலராக வந்தார். நோய் எதுவும் இல்லாதவர். ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சு வழியே இழுக்கக் கொடுத்தார்கள். நுரையீரல் கெட்டு ஜூன் 2 அன்று இறந்துபோனார். ஆராய்ச்சியாளர் முன்கூட்டியே பப்மெட்டில் தேடித்தான் பார்த்திருந்தார். அன்றைக்கு அது 1966-க்கு முன்னால் போகாது. அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று 1950-களின் இதழ்களில் எழுதியிருந்தது. செய்தி வெளியானதும் நூலகர்கள் தேடிப் பார்த்துப் பழைய கட்டுரைகளை எடுத்துக் காட்டினார்கள். ஜூலையில் மத்திய அரசு, தான் பணம் கொடுத்த மனித ஆராய்ச்சி ஏறக்குறைய முழுவதையும் அங்கே நிறுத்தி வைத்தது.

தேடத் தெரியாதவர் அல்ல அவர். தேடிய இடத்துக்கு ஒரு எல்லை இருந்தது, அந்த எல்லை எங்கே என்று பக்கத்தில் சொல்ல ஆள் இல்லை.

பிஜி ரெண்டாம் வருஷம் · இரவு 11:50

சார் அது 25 வருஷத்துக்கு முன்னாடி. இப்போ ஏஐ கிட்ட கேட்டா ரெஃபரன்ஸோட குடுக்குது.

அலமாரி · வெள்ளி, காலை 7:05

தம்பி, அந்த ரெஃபரன்ஸில் எத்தனையைத் திறந்து படித்தீர்கள்?

சண்டைக்குக் கேட்கவில்லை. போன மாதம் ஒரு மாணவர் தீசிஸுக்கு ஆறு மேற்கோள் கொண்டுவந்தார். நான்கு சரி. ஐந்தாவதில் இதழ் உண்மை, வருடம் உண்மை, தொகுதி எண்ணும் உண்மை, அந்தப் பக்கத்தில் மட்டும் வேறொருவர் எழுதிய வேறு கட்டுரை. ஆறாவது இந்த உலகத்திலேயே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, அந்த எந்திரம் அவ்வளவு நேர்த்தியாகக் கட்டிக் கொடுத்திருந்தது. நான் அதைக் கண்டுபிடித்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

பிஜி ரெண்டாம் வருஷம் · காலை 7:31

...இன்னிக்கு என்னோடத திறந்து பாக்கறேன் மேடம்.

இரவுப்பணி · வெள்ளி, பிற்பகல் 2:20

டியூட்டி முடிந்து தூங்கி எழுந்து இப்போதுதான் இழையைப் படிக்கிறேன். கேஷுவல்டி டாக்டர். கணக்குப்பிள்ளை சார், உங்களுக்காக ஒரு கேஸ் எழுதுகிறேன்.

சில வருடம் முன்பு, வேறொரு ஆஸ்பத்திரி. ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வந்தார்கள். தோட்ட வேலை. முதல் நாள் சாயங்காலம் ஏதோ கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க வாந்தி, பேதி. கூட வந்த பாட்டிதான் சொன்னது: "அது கண்வலிக்கிழங்கு சாமி." ஹவுஸ் சர்ஜன் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டார்.

நான் போனை எடுத்து ஆப்பில் "கண்வலி" என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். ஒன்றும் இல்லை. ஒரு "க" கூட்டி, ஒரு "ஹெச்" போட்டு, நாலு விதமாக அடித்தேன். இல்லை. சரி, ஃபுட் பாய்சனிங்தானே, டிரிப் போட்டோம். மறுநாள் பேதி நின்றது. இருவரும் எழுந்து உட்கார்ந்து வீட்டுக்குப் போகிறோம் என்றார்கள். நானும் டிஸ்சார்ஜ் எழுதப் போனேன்.

அந்த ஆஸ்பத்திரி நூலகர் ஓர் அம்மா. முந்தின நாள் இரவே அவருக்கு வாட்ஸ்அப்பில் பெயரை அனுப்பியிருந்தேன். காலை எட்டரைக்குப் பதில் வந்தது. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, செங்காந்தள், கார்த்திகைப்பூ எல்லாம் ஒரே செடி. தாவரப் பெயர் குளோரியோசா சூப்பர்பா. நஞ்சு கோல்சிசின். இந்தப் பெயர் தெரிந்ததும் எல்லாக் கதவும் திறந்துகொண்டது. கோல்சிசின் பற்றி என் ஆப்பில் பக்கம் பக்கமாக இருந்தது! வயிற்றுப்போக்கு நின்று நன்றாக இருப்பது போலத் தெரியும், அதற்குப் பிறகுதான் எலும்பு மஜ்ஜை அடிவாங்கும், வெள்ளை அணுக்கள் சரியும் என்று எழுதியிருந்தது. அந்த அம்மா கூடவே ஒரு பழைய கேஸ் ரிப்போர்ட்டும் அனுப்பியிருந்தார், 1966 பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சிலோனிலிருந்து வந்தது. இதே கிழங்கு, உடம்பு முழுக்க முடி கொட்டிப்போனது பற்றி.

டிஸ்சார்ஜை நிறுத்தினேன். நாலாம் நாள் அந்தப் பெண்ணின் கவுண்ட் சரிந்தது. வார்டில் இருந்ததால் சமாளித்தோம். மூன்றாவது வாரம் தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தபோது அவர் பயப்படவில்லை, முன்கூட்டியே சொல்லியிருந்தோம்.

தமிழ்நாட்டின் மாநில மலர் சார் அது. மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காக ஏக்கர் கணக்கில் போடுகிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த பூ, எம்.டி. படித்த எனக்கு இரவு இரண்டு மணிக்கு அதன் இன்னொரு பெயர் ஞாபகம் வரவில்லை.

வடமராட்சி · வெள்ளி, மாலை 4:02

இரவுப்பணி டொக்டர் சொன்னது எங்கட பக்கமும் நடக்கிறதுதான். நாங்கள் கார்த்திகைப்பூக் கிழங்கு எண்டுவம், சிங்களத்தில நியங்கலா. சிலோனில இருந்து பழைய ரிப்போர்ட் கனக்க இருக்குது, மூண்டு பேரிலயும் தேட வேணும்.

எங்களுக்கு ஒரு வசதி. கொழும்பு தேசிய வைத்தியசாலையில 1988 இல இருந்து தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்குது. ஃபோன் எடுத்துக் கேக்கலாம். என்னைக் கேட்டால் அதுவும் ஒரு வைத்தியசாலை நூலகம்தான், ஆள் மேசையில இருக்கிறார், புத்தகம் அவருக்குப் பின்னால இருக்குது. மற்றது ஹினாரி. உலக சுகாதார நிறுவனம் 2002 இல தொடங்கினது, சஞ்சிகைகளை வருமானம் குறைஞ்ச நாடுகளுக்குச் சும்மா அல்லது மலிவாத் தருவினம். இலங்கைக்கு இருக்குது. இந்தியாவுக்கு இல்லையெண்டு கேட்டு நான் முதல் நம்பேல்லை.

ஆனா ஒண்டு சொல்ல வேணும். ஹினாரி இருக்கெண்டு தெரியாத டொக்டர்மாரும் இஞ்ச இருக்கினம். பாஸ்வேர்ட் நூலகரிட்ட இருக்கும், நூலகர் மருத்துவ பீடத்தில (மெடிக்கல் கொலிஜ்ல) இருப்பார், பீடம் பின்னேரம் பூட்டியாச்சு.

கணக்குப்பிள்ளை · மாலை 4:30

கிழங்குக் கதை நன்றாக இருந்தது, உண்மையாகவே. ஆனால் எங்களுக்கும் டெல்லி எய்ம்ஸில் நச்சுத் தகவல் மையம் 1995-லிருந்து இருக்கிறதே. அங்கே போன் செய்தால் முடிந்தது அல்லவா?

இரவுப்பணி · மாலை 4:38

முடியும். போனை எடுத்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "என்ன செடி?"

டெல்லியில் உட்கார்ந்திருப்பவரிடம் "கண்வலிக்கிழங்கு" என்று சொல்லிப் பாருங்கள்.

மருந்துக்கடை மணி · வெள்ளி, இரவு 8:15

நான் ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட். இங்க எல்லாரும் டாக்டருக்குத் தகவல் குடுக்கறதப் பத்தியே பேசறீங்க. நோயாளிக்கு யாரு குடுக்கறது?

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதுவாங்க. வாரத்துக்கு ஒரு நாள்தான் போடணும். மத்த நாள்ல ஃபோலிக் ஆசிட். நிறைய கம்பெனில ரெண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை. சீட்டுல இங்கிலீஷ்ல "வாரம் ஒருமுறை"ன்னு எழுதியிருக்கும். எங்ககிட்ட வந்த ஒரு அம்மா தினம் ஒன்னுன்னு பத்து நாள் போட்டிருக்காங்க. வாயெல்லாம் புண்ணாகி, சோறு எறங்காம வந்து ஐ.சி.யூ.ல படுத்தாங்க. பொழச்சுட்டாங்க. சில பேர் பொழைக்கறதில்ல.

அதுக்கப்புறம் நானும் எங்க லைப்ரரி மேடமும் (ஆமாம், எங்ககிட்டயும் ஒருத்தர் இருந்தாங்க, ரிட்டயர் ஆனாங்க, ஆள் போடல) தமிழ்ல ஒரு பக்கம் எழுதுனோம். எழுதறது லேசுன்னு நெனச்சேன். வெளிநாட்டு நோட்டீஸ்ல என்ன இருக்கு, எது நம்ம ஊருக்குப் பொருந்தும், எத விட்டா ஆபத்து, எல்லாத்தையும் அவங்க தேடி எடுத்தாங்க. எனக்கு மருந்து தெரியும், அவங்களுக்கு எங்க பாக்கணும்னு தெரியும். ரெண்டு வாரம் ஆச்சு, ஒரு பக்கத்துக்கு.

வேப்பமரம் · இரவு 8:52

நான் டாக்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன். நான் எழுதலாமா?

முதல் மாதம் எங்களுக்கு ஒரு டயட் சீட்டு கொடுத்தார்கள். தமிழில்தான். "பொட்டாசியம் மிகுந்த உணவு வகைகளைத் தவிர்க்கவும்." அப்பா அதை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு மடித்து பூஜை அறையில் வைத்தார். பொட்டாசியம் என்று ஒரு காய் எங்கள் ஊர்ச் சந்தையில் விற்பதில்லை. பார்க்க வந்த சித்தப்பா ஆறு இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார், உடம்புக்குக் குளிர்ச்சி என்று. அன்று ராத்திரி ஆம்புலன்ஸ்.

"இளநீர் கூடாது" என்று இரண்டு வார்த்தை அந்தச் சீட்டில் இருந்திருந்தால் போதும். மேலே கிழங்குக் கதையைப் படித்தபோது தோன்றியது: டாக்டருக்கு எங்கள் வார்த்தை புரியவில்லை, எங்களுக்கு டாக்டர் வார்த்தை புரியவில்லை. நடுவில் ஆள் இல்லை.

நாலாம் விதி · இரவு 9:10

தம்பி வேப்பமரம், நீங்கள்தான் எழுத வேண்டும். அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

வேப்பமரம் · இரவு 9:14

நன்றாக இருக்கிறார் ஐயா. இளநீரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

கணக்குப்பிள்ளை · இரவு 9:47

சரி. இப்போது என் வேலையைச் செய்கிறேன்.

அலமாரி மேடம், வருகைப் பதிவேட்டைக் கொண்டு போகாதீர்கள். அறைக்கு யார் வந்தார்கள் என்பது தவறான கணக்கு. உங்களிடம் என்னென்ன கேட்டார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறதா? யார் கேட்டார், என்ன கேள்வி, எத்தனை நிமிடத்தில் கொடுத்தீர்கள், அதை வைத்து அவர் என்ன செய்தார்? இது இருந்தால் நான் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

அப்புறம் அறையை விட்டுக்கொடுத்துவிடுங்கள். ஆத்திரப்படாதீர்கள்! அறைக்காக நீங்கள் சண்டை போட்டால் சதுர அடிக் கணக்கில் இன்சூரன்ஸ் டெஸ்க்தான் ஜெயிக்கும், அது பணம் கொண்டுவரும் மேஜை. ஆளுக்காகச் சண்டை போடுங்கள்.

அலமாரி · இரவு 10:30

ஒரு நோட்டு இருக்கிறது சார். பழைய டைரி, எனக்காக எழுதி வைப்பது. இன்று உட்கார்ந்து எண்ணினேன். மார்ச்சில் மட்டும் 31 கேள்வி, பெரும்பாலும் போனில், வாட்ஸ்அப்பில். அதனால்தான் பதிவேட்டில் ஏறவில்லை. ஐ.சி.யூ.விலிருந்து 9, நர்சிங்கிலிருந்து 7, மீதி டி.என்.பி. மாணவர்களும் இரண்டு சீனியர் சர்ஜன்களும். "வைத்து என்ன செய்தார்" என்பதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை, தேடிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்றிருந்துவிட்டேன்.

அறையை விடுவதற்குத்தான் மனம் வரவில்லை.

நாலாம் விதி · இரவு 10:55

அம்மா, தம்பி சொல்வது சரி. அறையை விட்டு வெளியே வந்தவர்கள்தான் இந்தத் தொழிலைக் காப்பாற்றினார்கள். 1971-ல் கன்சாஸ் சிட்டியில் கெர்ட்ரூட் லேம்ப் என்ற அம்மையார் நூலகர்களை டாக்டர்களோடு வார்டு ரவுண்ட்ஸ் அனுப்பினார். படுக்கையருகே எழும் கேள்வியைக் காதால் கேட்டுக்கொண்டு போய்த் தேடிக் கொடுக்க வேண்டும்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் சாக்கெட் என்ற டாக்டர் 1997-ல் ஒரு தள்ளுவண்டியில் கணினி, திரை, ஆய்வுச் சான்றுகள் எல்லாம் ஏற்றி டாக்டர்கள் கூடும் இடத்தில் நிறுத்தினார். எல்லாரும் பயன்படுத்தினார்கள். ஒரு மாதம் கழித்து வண்டியை எடுத்துவிட்டார். பிறகு பார்த்தால், "இதைத் தேடிப் பார்க்கணும்" என்று தோன்றிய தடவைகளில் நூற்றுக்கு 12 தடவைதான் உண்மையில் தேடினார்கள். அதே டாக்டர்கள், அதே ஆர்வம். இரண்டு மாடி ஏற வேண்டியிருந்தால் கேள்வி அங்கேயே செத்துப்போகிறது. (அந்த வண்டியின் கதையும் ஒன்று: படுக்கை படுக்கையாகத் தள்ளிக்கொண்டு போக முடியாத அளவுக்குக் கனமாம். நம் ஊர் டிராலிச் சக்கரத்தை நினைத்தால் அது எனக்கு ஆச்சரியமே இல்லை.)

வடமராட்சி · இரவு 11:20

போன் இருக்கேக்க வண்டி எதுக்கெண்டு கேப்பினம். போன் இருந்தும் கண்வலிக்கிழங்கு கிடைக்கேல்லையே எண்டு சொல்லுங்கோ அக்கா.

இரவுப்பணி · சனி, காலை 6:10

மேடம், இன்னொரு யோசனை. எனக்கு உதவிய அந்த நூலகர் அம்மாவிடம் ஒரு பட்டியல் இருந்தது. இடப்பக்கம் நோயாளி சொல்லும் பெயர், வலப்பக்கம் புத்தகப் பெயர். செடிகள், நாட்டு மருந்துக் கடைச் சரக்கு, பூச்சிமருந்து பிராண்டுகள், "செவப்புக் குப்பி", "எலி பேஸ்ட்" என்று கேஷுவல்டியில் சொல்கிற பேச்சு வழக்கு முதற்கொண்டு. எந்தச் சந்தாவிலும் அது கிடையாது. உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் அதைப் பிரின்ட் எடுத்து மீட்டிங்கில் ஆளுக்கொன்று கொடுங்கள். நிர்வாக இயக்குநர் (எம்.டி.) சார் முதலில் தன் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

எம்ஆர்டி பழனி · காலை 9:25

அந்தப் பட்டியலுக்கு நான் சரக்குத் தர்றேன். கேஸ் ஷீட்ல "ஏதோ பச்சிலை"ன்னு மட்டும் எழுதி முடிச்சது எத்தனை இருக்கு தெரியுமா? அட்டெண்டர் சொன்ன பேரையும் சேர்த்து எழுதச் சொல்லி ஒரு சர்க்குலர் போட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. ரெக்கார்ட்ஸும் லைப்ரரியும் வேறன்னு முந்தாநேத்து சொன்னேன். வேறதான், ஆனா பக்கத்து பக்கத்து வீடு.

அலமாரி · செவ்வாய், இரவு 8:40

எல்லாருக்கும் வணக்கம். மீட்டிங் நேற்று முடிந்தது.

அறை போய்விட்டது. இன்றைக்கே ஆள் வந்து அளந்துவிட்டுப் போனான். பீரோக்கள் செமினார் ஹாலில். கம்பராமாயணம் இரண்டு தொகுதி எப்படியோ அதற்குள் இருந்தது, அதை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன், பதினான்கு வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மேஜை ரெக்கார்ட்ஸில் இல்லை. இரண்டாம் மாடியில் ஐ.சி.யூ.வுக்கும் பார்மசிக்கும் நடுவில், நடைபாதையில். ஒரு கணினி, ஒரு எக்ஸ்டென்ஷன் நம்பர். ஆறு மாதம் பார்ப்போம் என்றார்கள். டைரியை எம்.டி. சார் வாங்கிப் புரட்டினார். "இதுல என் கேள்வி இருக்கா?" என்றார். இருந்தது, இரண்டு. அதில் ஒன்றின் பதிலால் ஒரு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டதாக அவரே அங்கே சொன்னார். எனக்கே அப்போதுதான் தெரியும். பட்டியலையும் கொடுத்தேன். 140 பெயர்தான் சேர்ந்திருக்கிறது. மயக்கமருந்து டாக்டர் ஒருவர் பேனாவால் மூன்று பெயர் எழுதித் திருப்பிக் கொடுத்தார், ஒன்று எனக்கு இன்னும் என்ன செடி என்று தெரியவில்லை.

இன்று முதல் நாள். ஒன்பது பேர் வந்தார்கள். ஐந்து பேர் பில்லிங் எங்கே என்று கேட்க.

கணக்குப்பிள்ளை · இரவு 8:58

அந்த ஐந்து பேரையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து பலகை மாட்டாததற்கு அட்மின் பதில் சொல்லட்டும். தள்ளிப்போட்ட ஆபரேஷனைத் தேதியோடு எழுதினீர்களா?

அலமாரி · இரவு 9:03

எழுதிவிட்டேன் சார். "வைத்து என்ன செய்தார்" என்று தனியாக ஒரு பத்தி கோடு போட்டுவிட்டேன்.

மணி தம்பி, அந்த மெத்தோட்ரெக்சேட் தாளை எனக்கு அனுப்ப முடியுமா? எங்கள் மூட்டுவாத டாக்டர் கேட்கிறார்.

மருந்துக்கடை மணி · இரவு 9:20

அனுப்பிட்டேன் மேடம். ஆனா அதுல ஒரு எடத்துல எனக்கு இன்னும் திருப்தியில்ல. "வாரம் ஒருமுறை மட்டும்"னு போட்டிருக்கோம். அதையும் தப்பா எடுத்துக்கறாங்க, "வாரம் பூரா, தினம் ஒருமுறை"ன்னு.

வேப்பமரம் · இரவு 9:31

கிழமையைப் போடுங்கள். "புதன்கிழமை மட்டும். மற்ற ஆறு நாளும் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது."

மருந்துக்கடை மணி · இரவு 9:33

புதன் ஏன்?

வேப்பமரம் · இரவு 9:35

எங்கள் ஊரில் புதன் சந்தை. மறக்க மாட்டார்கள். உங்கள் ஊரில் எந்தக் கிழமையோ அதைப் போடுங்கள்.

அலமாரி · இரவு 9:41

கிழமையை காலியாக விட்டு அச்சடிக்கிறேன். பார்மசியில் கேட்டுப் பேனாவால் எழுதட்டும். நாளைக்குத் திருத்தி இங்கேயே போடுகிறேன், எல்லாரும் ஒருமுறை படித்துச் சொல்லுங்கள். இளநீர்ச் சீட்டையும் சேர்த்துத்தான்.